சேலைக்குள் மறைத்த வீக்கம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், சமயம், வரலாறு பேசுவதுதான் வழக்கம். எனக்குத் தந்த நேரம் முழுவதையும் தொப்புளருகே வரும் ஒரு வீக்கத்துக்குச் செலவிடப் போகிறேன். சத்திரசிகிச்சையைத் தமிழில் பேசுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்து மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்த நூல்களில் ஒன்று 'இரண வைத்தியம்'. அது முழுக்கச் சத்திரசிகிச்சை பற்றியது. நோயாளியின் மொழியில் படித்தவன்தான் நோயாளிக்கு விளக்கிச் சொல்வான் என்று கிறீன் நம்பினார். இன்றைக்கு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைக்கும் எத்தனையோ பெண்களுக்குத் தங்கள் வயிற்றில் என்ன செய்யப் போகிறார்கள் என்பது சரியாகத் தெரியாது. தெரியாததால் பயம் வருகிறது. பயத்தால் ஒப்பரேஷன் திகதி அன்று வராமல் இருந்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் அந்த வீக்கம் என்ன என்று பார்ப்போம். நமது வயிற்றின் முன்பக்கத்தில் நெஞ்சிலிருந்து இடுப்பெலும்பு வரை இரண்டு நீளமான தசைப்பட்டைகள் இறங்குகின்றன. இரண்டும் நடுவில் ஒரு தடித்த வெண்ணிற நாரால் இணைந்திருக்கும். தாயின் வயிற்றில் இருந்தபோது தொப்புள்கொடி அந்த நடுக்கோட்டின் ஊடாகத்தான் உள்ளே போனது. பிறந்த பிறகு அந்த வளையம் சுருங்கி மூடிக்கொள்ளும். மூடினாலும் அந்த இடம் சுற்றியுள்ள பகுதியைப் போல உறுதியாக இராது. பிற்காலத்தில் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது அந்த வளையமோ, அதற்குச் சற்று மேலே அல்லது கீழே உள்ள நாரோ விலகிவிடும். அதன் வழியாக உள்ளிருக்கும் கொழுப்பு வெளியே தள்ளும். துவாரம் பெரிதாக, குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையும் பிறகு குடலும் வரும். இதைத்தான் தொப்புள் குடலிறக்கம் என்கிறோம். வைத்தியசாலைத் துண்டில் 'ஹேர்னியா' என்று எழுதியிருப்பார்கள்.

பச்சைக் குழந்தைக்கு வருவதையும் பெரியவர்களுக்கு வருவதையும் ஒன்றாக நினைப்பதுதான் கற்பிட்டி தொடங்கிச் சிலாபம் வரையான இந்தக் கரையில் நான் கண்ட பெரிய குழப்பம். குழந்தையின் தொப்புள் பிதுங்கியிருந்தால் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாகவே மூடிவிடும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, "என் மகனுக்கும் இப்படித்தான் இருந்தது, காசுக் குற்றி வைத்துக் கட்டினோம், போய்விட்டது" என்று நாற்பது வயதுத் தாயும் தன் தொப்புளுக்குத் துணி கட்டிக்கொள்கிறாள். அந்தக் குழந்தைக்கு மூடியது குற்றியால் அல்ல, வளர்ச்சியால். வளர்ந்து முடிந்த உடம்பில் அந்தத் துவாரம் தானாக மூடுவதில்லை. மருந்து, எண்ணெய், பெல்ட் எதனாலும் மூடாது. பெல்ட் சிலருக்குச் சற்று ஆறுதல் தரலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. உள்ளே குடல் சிக்கி வலிக்கும்போது எண்ணெய் பூசி வயிற்றை உருவுவதோ மிகவும் ஆபத்தானது.

ஏன் வருகிறது? பல பிள்ளைகளைப் பெற்ற வயிறு, உடல் பருமன், நாட்பட்ட இருமல், தீராத மலச்சிக்கல், முதியவர்களுக்குச் சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருப்பது, ஈரலில் கோளாறு வந்து வயிற்றில் நீர் கட்டுவது எல்லாம் உள்ளழுத்தத்தைக் கூட்டும். இதோடு இந்தக் கரையின் தொழில்களையும் சேர்த்துப் பாருங்கள். உடப்பில் கரைவலை இழுக்கிறார்கள். புத்தளத்து உப்பளங்களில் மூட்டை சுமக்கிறார்கள். கற்பிட்டிப் பக்கம் தோட்டங்களுக்குத் தண்ணீர் சுமக்கிறார்கள். சிலாபம், மாதம்பைப் பக்கம் தேங்காய் உரித்து அடுக்குகிறார்கள். கருவாட்டுக் கூடையைத் தலையில் ஏற்றி இறக்குபவர்களும் பெண்கள்தான். பாரம் தூக்குவதால் மட்டும் எல்லோருக்கும் இது வருவதில்லை. ஏற்கெனவே பலவீனப்பட்ட நடுக்கோடு உள்ளவருக்குப் பாரம் அதை இன்னும் விலக்கும்.

ஆண்கள் இந்த வீக்கத்தைக் காட்ட வருகிறார்கள். பெண்கள் வருவதில்லை. வந்தாலும் வேறு ஏதாவது நோய்க்காக வந்த இடத்தில், பரிசோதனைக் கட்டிலில் படுத்தபோதுதான் தற்செயலாகக் கண்ணில் படும். கேட்டால், "அது வருத்தம் இல்ல டொக்டர், புள்ள பெத்த வயிறு" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நான் இந்தக் கரையில் இந்துத் தாய்மாரிடமும் கத்தோலிக்கத் தாய்மாரிடமும் முஸ்லிம் தாய்மாரிடமும் ஒரேமாதிரிக் கேட்டிருக்கிறேன். பிள்ளை பெற்றதற்குக் கொடுத்த விலை, அதைச் சுமப்பதுதான் முறை என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. வெட்கமும் இருக்கிறது. தொப்புளை ஆண் மருத்துவருக்குக் காட்ட வேண்டுமே என்ற கூச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. திரை போடச் சொல்லலாம், பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். அது உங்கள் உரிமை. கேட்டால் யாரும் மறுக்கக் கூடாது.

மறைப்பது ஏழைப் பெண்களின் வழக்கம் மட்டும் அல்ல. இங்கிலாந்தின் இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் மனைவி கரோலின் அரசிக்கு 1724இல் கடைசிப் பெண்குழந்தை பிறந்ததோடு இந்தக் குடலிறக்கம் வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் அதை மறைத்தார். கணவருக்குத் தெரியும், நெருங்கிய பணிப்பெண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். 1737 நவம்பரில் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தபோதும் அரண்மனை மருத்துவர்களிடம் சொல்லவில்லை. அவர்களோ வேறு நோய் என்று எண்ணி இரத்தம் எடுத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். உண்மை தெரிந்து சத்திரவைத்தியர்கள் கத்தியை எடுத்தபோது நாள் கடந்துவிட்டது. நவம்பர் 17ஆம் திகதி குடல் வெடித்தது, 20ஆம் திகதி அரசி இறந்தார். அந்தக் காலத்து மருத்துவத்தால் அவரைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் மறைத்ததால் கிடைக்கவிருந்த சிறிய வாய்ப்பும் போனது. இன்றைக்கு வாய்ப்பு சிறியது அல்ல, மிகப் பெரியது. அதனால் இன்று மறைப்பதன் இழப்பு அதைவிடப் பெரியது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், துவாரத்தின் கழுத்தில். தொப்புளருகே வரும் துவாரம் பெரும்பாலும் சிறியது, அதன் விளிம்பு இறுக்கமானது. உள்ளே போய் வந்துகொண்டிருந்த குடல் ஒருநாள் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும். இறுக்கத்தால் குடல் வீங்கும். வீங்கினால் இன்னும் இறுகும். இரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். ஆகவே வழக்கமாகப் படுத்தால் உள்ளே போகும் வீக்கம் போகாமல் கல்லாக நின்றால், வலி குறையாமல் ஏறினால், மேல்தோல் சிவந்து கறுத்தால், வாந்தி வந்தால், காற்றும் மலமும் போகாமல் வயிறு உப்பினால் அது அந்த இரவிலேயே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலை. சில வேளை குடலின் ஒரு பக்கச் சுவர் மட்டும் சிக்கிக்கொள்ளும். அப்போது மலம் வழமைபோலப் போகும், ஆனால் சிக்கிய பகுதி அழுகிக்கொண்டிருக்கும். ஆகவே மலம் போகிறது என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம்.

பத்தலங்குண்டுத் தீவில் மீன்பிடி வாடி போட்டிருக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் போட்டில் கடலைக் கடக்க வேண்டும், பிறகு கற்பிட்டியிலிருந்து பாலாவி வரை நீண்ட தரைநாக்கு முழுவதும் சாலையில் வர வேண்டும், பிறகுதான் புத்தளம். கடல் கொந்தளிக்கும் நாளானால் முதல் அடியே நடக்காது. கொழும்பிலிருப்பவர் "பார்ப்போம், தள்ளிப்போடுவோம்" என்று சொல்லலாம். இந்தக் கரையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. வலியில்லாத மிகச் சிறிய வீக்கத்தை மருத்துவரின் கண்காணிப்பில் விட்டுவைப்பது தவறல்ல. ஆனால் வலிப்பதும், வளர்ந்துகொண்டிருப்பதும், உள்ளே போக மறுப்பதும் நாள் குறித்துச் சரிசெய்ய வேண்டியவை. பகல் வேளையில், சீனியும் இரத்த அழுத்தமும் பார்த்து, வெறும் வயிற்றில், தயாராக வந்து செய்யும் ஒப்பரேஷனும், நள்ளிரவில் குடல் அழுகிய நிலையில் செய்யும் ஒப்பரேஷனும் ஒன்றல்ல. முன்னதில் பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகிறார்கள். பின்னதில் குடலை வெட்டி ஒட்ட நேரலாம், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க நேரலாம், உயிரும் போகலாம்.

இனி ஒப்பரேஷனைப் பற்றி. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் புகழ்பெற்ற மேயோ சகோதரர்களுள் மூத்தவரான வில்லியம் மேயோ, 1901இல் இதற்கு ஒரு முறையை எழுதி வெளியிட்டார். துவாரத்தின் மேல் விளிம்பை இழுத்துக் கீழ் விளிம்பின் மேல் படியச் செய்து இரண்டு வரிசையாகத் தைப்பதே அந்த முறை. அடுத்த பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, தைத்து மட்டும் மூடியவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பேருக்கு வீக்கம் திரும்ப வந்ததாகப் பல ஆய்வுகள் காட்டின. காரணம் எளிது. விலகி நலிந்த விளிம்புகளை இழுத்துப் பிடித்துத் தைத்தால், இருமும் போதும் எழும் போதும் அந்த இழுவை முழுவதும் நூலின் மேல் விழுகிறது. நூல் அறுவதைவிட, நூல் தசைநாரைக் கிழித்துக்கொண்டு வருவதே அதிகம்.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிரான்சிஸ் அஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் செயற்கை இழை வலையை இதற்குக் கொண்டுவந்தார். அவர் பின்னர் பயன்படுத்திய பொலிப்ரொப்பிலீன், நமது வள்ளங்களில் கிடக்கும் பல கயிறுகளின் அதே மூலப்பொருள். உப்பு நீரிலும் இற்றுப்போகாத அந்தப் பொருளை உடம்பும் தாங்கிக்கொள்கிறது. வலைக்கண்களுக்குள் நமது சொந்தத் திசு புகுந்து வளர்ந்து, சில வாரங்களில் வலையும் வயிற்றுச் சுவரும் ஒன்றாகிவிடும். இழுத்துப் பிடித்துத் தைக்கத் தேவையில்லை என்ற இந்த எண்ணத்தை, அரைக் குடலிறக்கத்துக்கு, அதாவது தொடையிடுக்கில் வரும் குடலிறக்கத்துக்கு, 1980களில் இர்விங் லிக்டென்ஸ்டைன் நிலைநிறுத்தினார்.

தொப்புளில் துவாரம் சிறியதுதானே, இரண்டு தையல் போதாதா என்ற கேள்வி சத்திரசிகிச்சை நிபுணர்களிடமே நெடுநாள் இருந்தது. இன்றும் சிலரிடம் இருக்கிறது. பதில் கிடைத்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். 2001இல் ஸ்பெயினில் 200 பேரை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஆய்வில், தையல் மட்டும் போட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும் வலை வைத்தவர்களில் 1 சதவீதத்தினருக்கும் வீக்கம் திரும்பியது. 2018இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு நெதர்லாந்து, ஜேர்மனி, இத்தாலி வைத்தியசாலைகளில் ஒரு சென்ரிமீற்றர் முதல் நான்கு சென்ரிமீற்றர் வரையான துவாரம் உள்ள 300 பேரிடம் நடந்தது. இரண்டு ஆண்டளவில் தையல் பிரிவில் 12 சதவீதம், வலைப் பிரிவில் 4 சதவீதம். ஐரோப்பிய, அமெரிக்கக் குடலிறக்கச் சங்கங்கள் 2020இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் வலையையே பரிந்துரைக்கிறது. ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த துவாரத்துக்குத் தையலை யோசிக்கலாம் என்று மட்டும் விட்டுக்கொடுக்கிறது. கரைவலை இழுக்கப் போகிறவரின் வயிற்றுக்கு அந்த விட்டுக்கொடுப்பையும் நான் தயக்கத்தோடுதான் ஏற்பேன்.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழும் வயிறும் மரத்துப்போகச் செய்யலாம், முழு மயக்கமும் கொடுக்கலாம், சிறியதானால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் முடிக்கலாம். தொப்புளுக்குக் கீழே அரைவட்டமாக ஒரு சிறு வெட்டு. தொப்புளின் தோலை அடியிலிருந்து கவனமாகப் பிரித்து, வெளியே வந்த பையை விடுவித்து, உள்ளிருப்பதைச் சோதித்து வயிற்றுக்குள் அனுப்புவார்கள். பிறகு துவாரத்தின் ஊடாக, தசைக்குப் பின்னே, குடலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு முன்னே ஓர் இடைவெளியை விரலால் உருவாக்குவார்கள். வலை அங்கேதான் விரிக்கப்படுகிறது. அங்கே வைத்தால் வலை குடலைத் தொடாது, உள்ளழுத்தமே அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். கிழிந்த வலையை மராமத்துச் செய்கிறவர் கிழிசலின் விளிம்போடு நிற்காமல் நல்ல கண்கள் வரை போய்ப் பிடிப்பார் அல்லவா, அதேபோலத் துவாரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று சென்ரிமீற்றர் தாண்டி வலை படிய வேண்டும். இரண்டு சென்ரிமீற்றர் துவாரத்துக்கு எட்டுச் சென்ரிமீற்றர் வலை தேவை. அதன்மேல் துவாரத்தையும் தைத்து மூடி, தொப்புளின் தோலை மீண்டும் உள்ளே பிடித்துத் தைத்தால் தொப்புள் பழைய குழிவோடு இருக்கும். நான்கு சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதற்கும், மிகப் பருத்தவர்களுக்கும் வயிற்றில் சிறு துளைகள் இட்டு அவற்றின் வழியாகச் செய்யும் முறை காயத் தொற்றைக் குறைக்கும். மற்றவர்களுக்கு இந்தத் திறந்த முறையே போதும். கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

வலை என்றதும் முஸ்லிம் சகோதரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கி, காரணம் சொல்லாமல் ஒப்பரேஷனையே மறுத்துவிடுகிறார்கள். அது பன்றியிலிருந்து எடுத்ததா? வெளிநாடுகளில் சில விசேட தேவைகளுக்குப் பன்றித் தோலிலிருந்து தயாரித்த வலைகள் இருப்பது உண்மை. நான் இங்கே பேசும் பொலிப்ரொப்பிலீன் வலை முழுக்கச் செயற்கையானது. மருத்துவரிடம் பெட்டியைக் காட்டச் சொல்லி வாசித்துப் பார்க்கலாம். மருத்துவர்கள் கேள்வி வரும்வரை காத்திராமல் தாங்களாகவே சொல்வது நல்லது.

இன்னும் பிள்ளை வேண்டும் என்றிருக்கும் பெண்ணுக்கு, தொந்தரவு இல்லாத வீக்கமானால் கடைசிப் பேறு முடியும்வரை தள்ளிவைக்கலாம். கர்ப்பம் மீண்டும் அந்த இடத்தை இழுக்கும். சிக்கிக்கொண்டால் மட்டும் கர்ப்பமாக இருந்தாலும் செய்தே ஆக வேண்டும். புகைப்பவர் நான்கு முதல் ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சீனி வருத்தம் கட்டுக்குள் வர வேண்டும். எடை மிக அதிகமானால் முடிந்தளவு குறைத்துவிட்டு வருவது காயத்துக்கும் வலைக்கும் நல்லது.

ஈரல் நோயாளிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கள்ளச் சாராயமான கசிப்பால் ஈரல் சுருங்கியவர்கள் இந்தக் கரையில் பலர். சீனியாலும் கொழுப்பாலும் ஈரல் கெட்டவர்களும் இப்போது கூடிவருகிறார்கள். ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொப்புள் வீக்கம் வரும். நீர் அழுத்தி மேல்தோல் கண்ணாடித்தாளைப் போல மெலிந்து, வெடித்து நீர் கொட்டுவதும் உண்டு. முன்பு இவர்களைத் தொடவே பயந்தார்கள். இப்போது, முதலில் உப்பைக் குறைத்து மருந்தால் நீரைக் கட்டுப்படுத்தி, பிறகு திட்டமிட்டுச் செய்வதே வெடித்த பின் செய்வதைவிடப் பாதுகாப்பு என்று தெளிவாகியிருக்கிறது. உப்பு விளையும் ஊரில் உப்பைக் குறை என்று சொல்வது கடினம்தான். இந்த நோயாளிகளின் வீட்டில் கருவாட்டையும் உப்பிட்ட மீனையும் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

ஒப்பரேஷன் முடிந்த அன்றே எழுந்து நடக்கலாம். சில வாரம் காயத்தடியில் நீர் கட்டி மீண்டும் வீங்கியதுபோல் தெரியலாம். பெரும்பாலும் அது தானே வற்றும். சிவந்து சுடுமானால், சீழ் வந்தால் திரும்ப வர வேண்டும். பாரம் தூக்குவதை நான் ஆறு வாரம் நிறுத்தச் சொல்வேன். மீனவர்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. சோழகக் காற்று வீசி மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளங்கள் பல கரையில் கிடக்கும். கிழக்குக் கரைக்கு வாடி போகாத ஆண்டில் அந்த மாதங்களுக்கு நாள் கேளுங்கள். வைத்தியசாலைகளும் மீன்பிடிக் காலத்தைப் பார்த்துப் பட்டியல் போட்டால் வராதோர் தொகை குறையும்.

வலை எப்போதும் கையிருப்பில் இருக்கிறதா? 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமற்ற ஒப்பரேஷன்களை நிறுத்த நேர்ந்ததை மறக்க முடியாது. நெருக்கடி வந்தால் முதலில் தள்ளிவைக்கப்படுவது குடலிறக்கம்தான். தள்ளிவைத்ததில் சில பிறகு அவசரமாகத் திரும்பி வரும். வலை கிடைக்காத இடத்துக்கு மலிவான மாற்று வழியும் உண்டு. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் தொண்டாய்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் தோங்காவ்கர் என்ற மருத்துவர், விலை கூடிய வலையை வாங்க முடியாத கிராமத்தவருக்காக, நுளம்பு வலைத் துணியைக் கிருமியகற்றிப் பயன்படுத்திக் காட்டினார். பிறகு உகாண்டாவில் அரைக் குடலிறக்கம் உள்ள 302 பேரிடம் இத்தகைய மலிவு வலையையும் கம்பனி வலையையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டில் மலிவு வலைப் பிரிவில் ஒரே ஒருவருக்கு மட்டுமே வீக்கம் திரும்பியது என்று 2016இல் முடிவு வந்தது. இது தொப்புளுக்கான ஆய்வு அல்ல. கடை வலையை யாரும் தாங்களாக எடுத்துவரும் காரியமும் அல்ல. ஆனால் வலை இல்லை என்பதற்காக ஏழையைத் தையலோடு அனுப்பிவிட வேண்டியதில்லை என்பதற்கு அது போதிய சான்று.

முடிக்குமுன் மூன்று வேண்டுகோள். இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு பேச்சுக்குச் செலவிடுகிறது. அதோடு, நமது மாவட்ட வைத்தியசாலைகளில் வலை தீரும் மாதங்களுக்கு ஒரு சிறு கையிருப்பை வாங்கிக் கொடுக்க முன்வர வேண்டும். மகப்பேற்றுக்குப் பிறகு வீடு வீடாகப் போகும் மருத்துவ மாதுகளே, தாயின் தையலையும் பாலூட்டலையும் கேட்கும்போது தொப்புளையும் ஒரு முறை பாருங்கள், இருமச் சொல்லிப் பாருங்கள். தாய்மாரே, உங்களில் யாருக்காவது தொப்புளருகே ஒரு வீக்கம் இருந்தால், சிலாபமோ புத்தளமோ கற்பிட்டியோ மாரவிலையோ, உங்களுக்குக் கிட்டிய அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இந்தக் கிழமையே ஒரு துண்டு எடுத்து, சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். பரிசோதனையும் ஒப்பரேஷனும் அங்கே இலவசம்.